கால்சிஃபர் சொல்ல முடியாத அந்த ஒரு ஷரத்து

இந்த வாரம் டயானா வின் ஜோன்ஸ் எழுதிய ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ நாவலைப் பற்றிப் பேசலாம். 1986-ல் வந்த புத்தகம். பலருக்கு மியாசாகி எடுத்த 2004 அனிமேஷன் படம்தான் தெரிஞ்சிருக்கும். படத்துக்கும் நாவலுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. நான் பேசப்போறது நாவலைப் பற்றி. முடிவையும் சொல்லிடுவேன், அதனால இன்னும் படிக்காதவங்க படிச்சிட்டு வந்து கேளுங்க.

சோஃபி தொப்பிக் கடையில் வேலை பார்க்கிற இளம்பெண். ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக மாற்றிடுறா. அந்தச் சாபத்தைப் பற்றி சோஃபியால் யார்கிட்டயும் வாய் திறந்து சொல்லவும் முடியாது. வீட்டை விட்டுக் கிளம்புறவ, ஹவுல் என்ற மந்திரவாதியின் நகரும் கோட்டைக்குள் போய் அடுப்புப் பக்கத்தில் உட்காருறா. அடுப்பில் எரியுற நெருப்பு அவகிட்ட பேசுது. அதுதான் கால்சிஃபர், நெருப்புப் பூதம்.

கால்சிஃபர் உடனே பேரத்தை ஆரம்பிக்குது. ‘எனக்கும் ஹவுலுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு. அதை நீ உடைச்சா, உன் சாபத்தை நான் எடுக்கிறேன்.’ அதாவது ஒரு ஒப்பந்தத்தை உடைக்க இன்னொரு ஒப்பந்தம்! ஆனா முதல் ஒப்பந்தத்தின் முக்கியமான ஷரத்து என்னன்னு கால்சிஃபரால் சொல்ல முடியாது. ஹவுலாலயும் முடியாது. அவளேதான் கண்டுபிடிக்கணும். டாக்குமென்டேஷனே இல்லாத பழைய கோடை ஒருத்தர் கையில் கொடுத்து ‘பக்கைச் சரி பண்ணு’ன்னு சொல்ற மாதிரி.

வழக்கமான பூதக் கதைகளில் மனுஷனுக்குப் பேராசை, பூதத்துக்குத் தந்திரம். மார்லோவின் ஃபாஸ்டஸ் 24 வருஷ சுகத்துக்கு ஆன்மாவையே எழுதிக் கொடுக்கிறான். இந்த நாவல் அப்படி இல்லை. கால்சிஃபர் வானத்திலிருந்து விழுந்த நட்சத்திரம். விழுந்தா செத்துப்போயிடும். ஹவுல் பரிதாபப்பட்டு அதைப் பிடிக்கிறான், உயிரோட வச்சிருக்கத் தன் இதயத்தையே கொடுக்கிறான். இரண்டு பேருமே கெட்டவங்க இல்லை. ஆனாலும் ஒருத்தன் எதிலும் மனசு ஒட்டாம அலையுறான், இன்னொண்ணு அடுப்பை விட்டு நகர முடியாம கிடக்குது. நல்ல எண்ணத்தில் போட்ட ஒப்பந்தமும் வருஷக்கணக்கில் ஓடினா கெட்டுப்போகலாம்னு இந்தப் புத்தகம் சொல்லுது. என்னை நிறுத்தினது அந்த இடம்தான்.

காரணம் இருக்கு. இருபத்தி இரண்டு வயசில் முதல் வேலைக்குச் சேர்ந்தப்போ நானும் ஒரு பாண்டில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம், நடுவில் விட்டா அபராதம், ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவங்ககிட்ட. ‘என்னடா எழுதியிருக்கு?’ன்னு அம்மா கேட்டாங்க. ‘எல்லாரும்தான்மா போடுறாங்க’ன்னு சொன்னேன். பக்கம் பக்கமா இருந்ததில் ஒரு வரி கூட நான் படிக்கலை. எனக்கு வேலை வேணும், வீட்டில் லோன் இருந்தது.

இரண்டு வருஷம் முடிஞ்சு சர்டிபிகேட் ஒரு பழுப்புக் கவரில் திரும்பி வந்தது. கணக்கு முடிஞ்சதுன்னு நினைச்சேன். அதுக்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் வந்தா எழுந்து நின்னு ‘சரி சார்’ன்னு சொல்லிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள் தங்கச்சி கேட்டா: ‘பாண்டு முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சுண்ணா. இன்னும் என்னத்தை அங்கே வச்சிட்டு வந்திருக்க?’ ‘முடியாது’ன்னு சொல்ற பழக்கத்தை வச்சிட்டு வந்திருந்தேன். அந்த ஷரத்து எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. கையெழுத்துப் போட்டவனுக்கு அது தெரியவும் தெரியாது. பக்கத்தில் இருந்து பார்க்கிற ஒருத்தர் கேட்கணும். அதனாலதான் கால்சிஃபருக்கு ஒரு சோஃபி தேவைப்பட்டா. இந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்ததும் தங்கச்சிதான்.

சோஃபிக்கு ஒரு சக்தி உண்டு, அது அவளுக்கே ரொம்ப நாள் தெரியாது. அவ பேசினா பொருளுக்கு உயிர் வரும். தொப்பிகிட்ட பேசுவா, கைத்தடிகிட்ட பேசுவா. கடைசியில் ஹவுலின் இதயத்தை அவன்கிட்ட திருப்பிக் கொடுக்கிறப்போ, ‘நீ இன்னும் ஆயிரம் வருஷம் வாழு’ன்னு சொல்லி கால்சிஃபரைக் காப்பாத்துறா. கால்சிஃபர் பறந்து போயிடுது.

அப்புறம் திரும்பி வருது! வெளியே மழையாம். போகவர விட்டா இங்கேயே இருக்கிறதில் கஷ்டமில்லைன்னு சொல்லி அதே அடுப்பில் உட்காருது. எனக்குப் பிடிச்ச காட்சி இதுதான். அதே இடம், அதே வேலை, ஆனா இப்போ கதவு திறந்திருக்கு.

நானும் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கேன். போன மாசம் முதல் தடவையா ‘இந்த ஞாயிறு முடியாது சார்’ன்னு சொன்னேன். கை நடுங்கினது. ‘சரிப்பா, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்’ன்னு அவர் போனை வச்சிட்டார்.

உங்க ஒப்பந்தத்தில் எழுதாத ஷரத்து என்னன்னு உங்க வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.