டிரைவர் அண்ணனுக்கு ஒரு நாற்காலி



ஜெர்மன் கார் கம்பெனியை யார் ஆள்கிறார்கள், அது பணத்தை எங்கே போடுகிறது என்று இந்த மல்லசமுத்திரக் கூட்டத்தில் பேசப் போகிறேன். "அதுக்கும் நமக்கும் என்னங்க தம்பி?" என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார். ஐயா, அதற்கு என் வீட்டுக் கதையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. ஜவ்வரிசி லோடு ஏற்றி வடக்கே போகும். நன்றாக ஓடியது. இன்னொரு வண்டி எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா, மாமா, கணக்கு எழுதுகிறவர், வட்டிக்குக் கொடுக்கிறவர் எல்லாரும் ஆசாரத்தில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் நகையை எங்கே வைப்பது, மேட்டாங்காட்டை யாரிடம் எழுதிக் கொடுப்பது என்று பொழுது சாயும்வரை பேசினார்கள். பன்னிரண்டு வருடம் எங்கள் வண்டியை ஓட்டிய டிரைவர் அண்ணன் வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவருக்கு டீ போனது. பேச்சு போகவில்லை.

இரண்டாவது வண்டியும் வந்தது. டியூ கட்ட முடியாமல் பதினெட்டாம் மாதம் அதை விற்றோம். அப்புறம்தான் அவர் சொன்னார்: "அந்த ரூட்டுல ரிட்டன் லோடு செத்துப்போயி ஒரு வருசம் ஆச்சுங்க தம்பி. நாலு நாள் காத்துக் கெடந்து காலியாத்தான் வருவோம்." முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா என்றேன். "நான் எப்படிங்க உள்ள வந்து சொல்றது?" என்றார்.

அந்த வாசற்படியைத் தாண்டுவதற்கு ஜெர்மனியில் 1976-ல் ஒரு சட்டம் போட்டார்கள். இரண்டாயிரம் தொழிலாளருக்கு மேல் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு அந்தச் சட்டம். அங்கே இரண்டு குழுக்கள். அன்றாடம் கம்பெனியை நடத்துவது நிர்வாகக் குழு. அவர்களை நியமிப்பதும் நீக்குவதும், பெரிய முடிவுகளைத் தட்டிக் கேட்பதும் மேற்பார்வைக் குழு. ஒரே ஆள் இரண்டிலும் இருக்கக் கூடாது. பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஃபோக்ஸ்வாகன் போன்ற கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் இருபது நாற்காலி. பத்து, பங்குதாரர்களுக்கு. பத்து, தொழிலாளர் தரப்புக்கு. ஓட்டு சரிபாதியாக நின்றால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு. தலைவர் பெரும்பாலும் பங்குதாரர் பக்கத்து ஆள். ஆகவே கடைசி வார்த்தை முதலாளியுடையதுதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் தொழிலாளியின் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்லியாக வேண்டும். எனக்கு அது பெரிய விஷயம்.

ஃபோக்ஸ்வாகனில் இன்னும் ஒரு படி மேலே. அதற்கென்றே 1960-ல் தனிச் சட்டம். ஓர் ஆலையைப் புதிதாக வைக்கவோ இடம் மாற்றவோ மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பாதிக்கு மேல் ஓட்டுரிமை போர்ஷே, பியெஹ் குடும்பங்களிடம். இருபது சதவீதம் லோயர் சாக்சனி மாநில அரசிடம். இருந்தும் தொழிலாளர் தரப்பு முழுதாக எதிர்த்தால் ஆலை நகராது. 2024-ல் ஆலைகளை மூடும் பேச்சு எழுந்தது. டிசம்பர் 20-ல் உடன்பாடு வந்தது: 2030-க்குள் 35,000 வேலைக்கு மேல் குறையும், ஆனால் யாரையும் கட்டாயமாக வெளியே அனுப்பக் கூடாது.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. 2015-ல் புகைச் சோதனையை ஏமாற்றிய மோசடி, சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில், இதே கம்பெனியில்தான் வெளிப்பட்டது. தொழிலாளர் பிரதிநிதிகள் இருந்த குழுதான் அப்போதும் மேலே இருந்தது. வெட்கப்பட வேண்டிய செய்தி அது. அதற்காக நாற்காலியை எடுத்துவிடு என்று நான் சொல்லமாட்டேன். அதில் உட்காருகிறவரிடம் இன்னும் கடுமையாகக் கேள்வி கேள் என்பேன்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். 2008-ல், அப்போது பென்ஸ் கார்களைச் செய்துவந்த டைம்லர் கம்பெனி ஹீரோ குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து இங்கே லாரி செய்ய வந்தது. அடுத்த ஆண்டே ஹீரோ விலகியது. உலகமெங்கும் லாரி விற்பனை படுத்துக் கிடந்த நேரம். டைம்லர் தனியாக நின்று, சென்னையை அடுத்த ஒரகடத்தில் 400 ஏக்கரில் சுமார் 4,400 கோடி ரூபாய் போட்டு, 2012-ல் ஆலையைத் திறந்தது. நாமக்கல் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த பாரத்பென்ஸ் லாரி அங்கேதான் பிறக்கிறது.

அந்த லாரிக்குப் போல்ட் முடுக்கும் ஒரகடத்துப் பையனுக்கு ஜெர்மனியின் மேற்பார்வைக் குழுத் தேர்தலில் ஓட்டு இல்லை! ஜெர்மனிக்குள் வேலை செய்கிறவருக்குத்தான் ஓட்டு. 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் அந்த முறை செல்லும் என்று சொல்லிவிட்டது. அவனுக்கு நாற்காலி வேண்டுமென்றால் அதை நம் நாட்டுச் சட்டம்தான் போட வேண்டும்.

நம்மிடம் சட்டமே இல்லையா? அவர்கள் சட்டம் போட்ட அதே 1976-ல் நமது நாடாளுமன்றமும் அரசியல் சட்டத்தில் 43ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. தொழில் நிறுவனங்களின் நிர்வாகத்தில் தொழிலாளி பங்கேற்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது அது. ஆனால் அது வழிகாட்டும் நெறி மட்டுமே. கோர்ட்டில் போய்க் கேட்க முடியாது. 1990-ல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. சட்டமாகவில்லை. ஓட்டுப் போட்டு ஆளை உட்காரவைப்பது நமக்குப் புதிதா? பருத்தி ஏலம் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்துக்கு இயக்குநர்களை உறுப்பினர்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்?

வாசல் மேசையில் நம் எம்.பி.க்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். 43ஏ-வுக்கு ஒரு சட்டம் கொண்டுவரச் சொல்லி, ஒரே பக்கம். முதல் கையெழுத்து அந்த டிரைவர் அண்ணனுடையது. அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையெழுத்துக்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.