கணவரைப் பற்றிச் சொல்ல மனைவிக்குத்தான் தெரியும்

(திகன தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



காலமாகிப்போன கணவரை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நம் லயங்களில் பதினாறாம் நாள் கருமாதி முடியும். சுவரில் படம் மாட்டி மாலை போடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை படையல் வைப்போம். "நல்ல மனுஷன், போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவோம். அவர் எந்த வயதில் பேர் பதிந்தார், கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் எவ்வளவு கெட்டிக்காரர், காமன் கூத்தில் என்ன வேஷம் கட்டினார் என்று பேரப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றுதான் சொல்லும்.

இந்த இடத்தில் ஒரு தாயின் கதையை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் பெயர் செல்லம்மாள். மகாகவி பாரதியாரின் மனைவி. பாரதியார் படம் இல்லாத தமிழ்ப் பள்ளிக்கூடம் நம் மலைநாட்டில் இருக்காது. ஆனால் செல்லம்மாளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

அவர் பிறந்தது தமிழ்நாட்டில் கடையம் என்ற ஊர். 1897இல் கல்யாணம் நடந்தபோது அவர் ஏழு வயதுக் குழந்தை. பாரதியாருக்குப் பதினைந்து வயது நிறையவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. பிறகு பாரதியார் காசிக்குப் படிக்கப் போனார். செல்லம்மாள் கவலைப்பட்டுக் கடிதம் போட்டார். கவலைப்படுகிற நேரத்தில் தமிழை நன்றாகப் படி என்று பாரதியார் பதில் எழுதினார். அந்தத் தமிழ் பின்னால் எதற்கு உதவியது என்று சொல்கிறேன்.

பாரதியார் 1904இல் சென்னையில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு 'இந்தியா' பத்திரிகையை நடத்தினார். வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுதியதால் 1908இல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போக வேண்டி வந்தது. அங்கே பத்து வருஷம். கூடவே செல்லம்மாளும் இரண்டு பெண்பிள்ளைகளும். நிலையான வருமானம் இல்லை. அரிசி இருந்தால் பருப்பு இருக்காது. கஷ்டப்பட்டுத் தேடி வைத்த அரிசியையும் குருவிகளுக்கு அள்ளிப் போட்டுவிட்டு, அவை கொத்தித் தின்பதைப் பார்த்துப் பாடிக்கொண்டிருப்பாராம் அந்த மனுஷன்! உலை வைத்த பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? அது நம் தாய்மாருக்குச் சொல்லாமலே விளங்கும்.

அந்த மனுஷனுக்குத்தான் நம்மைப் போன்றவர்களை நினைத்தும் நெஞ்சு எரிந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்ட பெண்களின் கண்ணீரைப் பற்றி 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாட்டை எழுதினார். நம் தாத்தா பாட்டிமார் இங்கே மலையேறியது போலத்தான் அவர்களும் கப்பலேறினார்கள். பின்னாளில் நம் தோட்டங்களில் சங்கம் வளர்த்த கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், கூட்டங்களில் பாரதியார் பாட்டுகளைப் பாடித்தான் ஜனங்களைத் தட்டி எழுப்பினார்.

1921 செப்டம்பரில் பாரதியார் காலமானார். முப்பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்று சொல்வார்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள். இன்றைக்குச் சிலை வைத்துக் கொண்டாடுகிற மனிதர், போன அன்றைக்கு ஊருக்குப் பெரிய ஆள் இல்லை. செல்லம்மாளுக்கு அப்போது முப்பது வயது சுமார். கையில் காசு கிடையாது.

அந்த நிலைமையில் அவர் என்ன செய்தார்? தன் அண்ணனோடு சேர்ந்து, அடுத்த வருஷமே, 1922இல், கணவரின் பாட்டுகளைப் புத்தகமாக அச்சடித்தார். பிறகு கணவரின் வாழ்க்கையை அவர் வாயால் சொல்லச் சொல்ல, மூத்த மகள் தங்கம்மாள் எழுதினார். அந்தச் சரித்திரம் 1941இல் புத்தகமாக வந்தது. கணவர் போய் முப்பது வருஷம் கழித்து, 1951இல், திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று ஒரு பேச்சும் பேசினார். படி என்று கணவர் சொன்ன தமிழ் அங்கேதான் உதவியது.

அந்தப் பேச்சில் அவர் வெறும் புகழ்ச்சி பாடவில்லை. கவிஞருக்குக் கவிதை இன்பம், ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு வழி பார்க்கிற கஷ்டம் அவர் மனைவிக்குத்தான் என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். அதே வாயால் கணவரின் பெருமையையும் சொன்னார். பட்ட பாட்டையும் மறைக்கவில்லை, வைத்த அன்பையும் மறைக்கவில்லை. அதனால்தான் பாரதியார் நமக்குச் சிலையாக நிற்காமல், குருவிக்கு அரிசி போடுகிற மனுஷனாக நெஞ்சில் இருக்கிறார்.

"அவர் பாரதியார் சார், எங்க வீட்டு ஆளு சாதாரணத் தொழிலாளிதானே" என்று நீங்கள் கேட்கலாம். தாயே, சுடுகாட்டுக்கு இருபது பேர்கூட வராத அன்றைக்குச் செல்லம்மாள் அப்படி நினைத்திருந்தால் நமக்குப் பல விஷயம் தெரியாமலே போயிருக்கும். உங்கள் கணவர் கான் வெட்டியிருப்பார், ரோட்டுக் கல் சுமந்திருப்பார், ஸ்டோரில் இரவு வேலை பார்த்திருப்பார். மாலையில் தப்பு அடித்திருப்பார், பொன்னர் சங்கர் கதை படித்திருப்பார். அதையெல்லாம் செக்ரோலில் எழுத மாட்டார்கள். அதில் பேரும் நாளும் மட்டும்தான் இருக்கும். மற்றது எல்லாம் உங்கள் நெஞ்சில் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் போனால் அதுவும் உங்களோடு போய்விடும். நம் பக்கத்துப் பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. தண்ணீர் வற்றுகிற காலத்தில் சுவர் தெரியும். அந்தச் சுவருக்குள்ளே வாழ்ந்தவரை யார் காட்டுவது?

"குடித்ததையும் சண்டை போட்டதையும் சொல்லலாமா?" என்றும் ஒரு கேள்வி வரும். கோபத்தைத் தீர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் உண்மை தெரிந்து கொள்ளட்டும் என்று சொல்லலாம். அப்பா எதில் தவறினார், எதில் நின்றார் என்று தெரிந்த பிள்ளை தன் காலைப் பார்த்து வைக்கும்.

எழுதத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். தங்கம்மாள் எழுதியதைப் போல உங்கள் மகளோ பேத்தியோ எழுதட்டும். ஒரு கொப்பி போதும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்காருங்கள். அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எப்போது வேலைக்கு வந்தார், எந்த மலை அவருக்குப் பிடிக்கும், என்ன பாட்டுப் பாடுவார், கடைசியாக என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். அவருடைய முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், பிறந்த திகதி, இறந்த திகதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி அவருடைய சம்பளத்தில் பிடித்து, தோட்டமும் தன் பங்கைப் போட்டுச் சேர்ந்த பணம் அது. அவர் போன பிறகு குடும்பத்துக்குச் சேர வேண்டியது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் கூப்பிடுகிற பெயர், அட்டையில் வேறொரு எழுத்து என்று இருந்தால் அந்தப் பணம் கைக்கு வர இழுபடும். கணவர் உயிரோடு இருக்கிற வீட்டில் இன்றைக்கே இதைச் சரி பாருங்கள். நிதிக்கு யார் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றும் கேட்டு வையுங்கள். கேட்பது அபசகுனம் இல்லை.

மாலை வாடிவிடும். படமும் லயத்துப் புகையில் மங்கிவிடும். சொல்லி எழுதி வைத்தது நிற்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பியைக் கொண்டு வாருங்கள். விருப்பமுள்ள தாய்மார் ஒரு பக்கம் வாசியுங்கள், நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்கிறோம்.