தாத்தா ஏன் விழித்திருக்கிறார்?

கேமரன் மலையில் இரவுக் குளிர் கடுமையானது. விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டுமே என்று நாம் நேரத்தோடு போர்வைக்குள் புகுந்து விடுகிறோம். நடுச்சாமத்தில் கண் விழித்தால், தாத்தா எழுந்து உட்கார்ந்திருக்கிறார். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். "வயதானால் அப்படித்தான்" என்று நாம் திரும்பிப் படுத்துக் கொள்கிறோம்.

முதுமையில் உறக்கம் குறைவது உண்மைதான். ஆனால், அவருடைய பிள்ளைப் பருவத்தையும் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதையை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் திரளானோர் மாண்டனர். தகப்பன் திரும்பி வராத வீடுகளில் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்தார்கள். அவர்களில் இன்று இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள்.

துணையில்லாத குழந்தை அயர்ந்து தூங்குவதில்லை. சிறு ஓசைக்கும் நெஞ்சு படபடக்கும். இது நெடுநாள் நீடித்தால், ஆபத்து நீங்கிய பிறகும் உடல் தன் காவலை விடாமல் இருக்கக்கூடும்.

போர்க்காலம்தான் என்பதில்லை. அமெரிக்காவில் 17,000க்கும் அதிகமான பெரியவர்களிடம் விசாரித்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. வீட்டில் அடி உதை, குடி, பெற்றோர் பிரிவு எனச் சிறு வயதில் பல துன்பங்களைப் பட்டவர்களுக்கு, அவை எதுவும் படாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு தூக்கக் குறை இருந்தது.

ஆகவே, தாத்தாவைக் கடிந்து கொள்ள வேண்டாம். பகலில் அருகே அமர்ந்து பழைய கதையைக் கேட்போம். அவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பிற்பகலுக்கு மேல் சாயம் கூடிய தேநீரைத் தவிர்க்கச் சொல்வோம். தினமும் ஒரே நேரத்தில் எழுவது நல்லது. தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடித்தால் கிளினிக்கில் காட்டுவோம். வலி, மூச்சுத் திணறல் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். தூக்க மாத்திரையை நாமாக வாங்கிக் கொடுக்கலாகாது. மருந்தில்லாமல் பழக்கங்களைத் திருத்தும் சிகிச்சையும் உண்டு.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. இரவில் நம் சண்டைச் சத்தம் கேட்டு, ஒரு பிள்ளை போர்வைக்குள் விழித்துக் கிடக்கிறதா? இன்றிரவே குரலைத் தாழ்த்தி, அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக் கொள்வோம்.