மறைக்கப்படும் இடுப்பு வலி: இறுகிய தசைக்குத் தளர்வே மருந்து

(பாரிஸ் லாச்சப்பலில் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலுக்கான உரையின் எழுத்து வடிவம்)



லாச்சப்பலின் கடைகளிலும் உணவகங்களிலும் நாள்முழுதும் நின்று உழைக்கும் பெண்களுள், அடிவயிற்று வலியை ஆண்டுக்கணக்கில் சுமப்போர் உளர். "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்" என்ற ஒரு சொல்லால் அவ்வலி மூடப்படுகின்றது. ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலி, வைத்தியம் தேவைப்படும் நோயாகும்.

இதற்குக் காரணங்கள் பல. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரைப் பாதிக்கின்றது. அதனை எதிர்கொள்ளப் பிரான்ஸ் அரசு 2022இல் தேசியத் திட்டமொன்றை அறிவித்தது. ஆயினும் சோதனைகள் யாவும் சீராக இருந்தும் வலி தொடர்வதுண்டு. அங்கே பெரிதும் கவனிக்கப்படாத காரணம், இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கமாகும்.

இத்தசைகள் ஏணை போல விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. பிள்ளைப்பேற்றுக் காயம், மலச்சிக்கல், சிறுநீரை நெடுநேரம் அடக்குதல், மன அழுத்தம் ஆகியவற்றால் அவை இறுகக்கூடும். இறுகிய தசை வலிக்கின்றது. வலி அதனை மேலும் இறுக்குகின்றது. சிறுநீர், மலம் கழிப்பதில் சிரமமும் தாம்பத்திய உறவில் வலியும் இதனால் ஏற்படலாம்.

இங்கே ஒரு தவறு நிகழ்கின்றது. அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் 1948இல் வெளியிட்ட தசையிறுக்கும் பயிற்சி, தசை தளர்ந்து சிறுநீர் கசியும் பெண்களுக்குப் பயன்படுவது. ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடலாம். எனவே, பயிற்சியைத் தொடங்குமுன் தசை தளர்ந்துள்ளதா, இறுகியுள்ளதா எனப் பரிசோதித்து அறிதல் அவசியம்.

இறுகிய தசைக்குரிய வைத்தியம் தளர்த்துவதே. வயிறு விரிய ஆழ்ந்து மூச்சிழுத்தல், இடுப்பு, தொடைத் தசைகளை நீட்டுதல், வெந்நீர் ஒத்தடம், பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் கைகளால் தசைமுடிச்சுகளைத் தளர்த்துதல் என்பன அதில் அடங்கும். பலன் தெரிய வாரங்கள், சில வேளை மாதங்கள் செல்லும்.

பிரான்சில் பிள்ளைப்பேற்றின் பின்னரான இடுப்புத்தள மறுபயிற்சிக்கு 1985 முதல் மருத்துவக் காப்புறுதி உதவி வருகின்றது. 'சாஜ்-ஃபாம்' எனப்படும் மருத்துவிச்சியும் 'கினே' எனப்படும் இயன்மருத்துவரும் இதனை அளிக்கின்றனர். பிள்ளைப்பேறு முடிந்து பல்லாண்டுகள் ஆனோரும் வலியிருப்பின் குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம். உட்பரிசோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2002 மார்ச் 4ஆம் நாள் சட்டத்தின்படி, நோயாளியின் சம்மதமின்றி எச்சிகிச்சையும் செய்யலாகாது. கொடுத்த சம்மதத்தை எவ்வேளையிலும் மீளப்பெறலாம்.

பெற்றோரே, இத்தகைய வலியை விளக்கப் பள்ளி செல்லும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லாதீர்கள். பிள்ளையின் முன் தாய் முழுவதையும் சொல்ல மாட்டாள். சொல்லாத வலிக்கு வைத்தியமும் கிடையாது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள். இளையோரே, சந்திப்புக்கு நாள் பதிந்து கொடுங்கள்; வலி எப்போது, எங்கே, எதனால் கூடுகின்றது என்பதைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுக்க வளர்ந்த பெண்பிள்ளைகள் உதவலாம். கணவன்மாரே, வலியென்று மனைவி கூறுவதை நம்புங்கள். வைத்தியம் அந்த நம்பிக்கையிலிருந்தே தொடங்குகின்றது.