அம்மாயியின் கையெழுத்து
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வாழ்நாள் முழுவதும் கற்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு அதைக் காட்டித் தந்தவர்கள் இந்தப் பள்ளியின் வாசலை மிதிக்காத இருவர்: என் தாத்தா, என் அம்மாயி.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. அதுவும் 6 முதல் 10 வயது வரைதான். அதற்கு மேல் மலை, கொழுந்து. தாத்தா அந்த அளவோடு நின்றவர். ஆனாலும் வேலைவிட்டு வந்ததும் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து வீரகேசரியை உரக்க வாசிப்பார். பேப்பர் இரண்டு நாள் பழசாக இருக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வாசித்து முடித்ததும், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரைப் பிடித்து, “இப்ப நீ சொல்லு” என்பார். காதால் படித்தவர்கள் நம்மவர்கள். 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை, தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகவே கூட்டங்களில் பாடியதும் அதனால்தானே?

அம்மாயிக்கு அந்த ஐந்தாம் வகுப்பும் இல்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியபோது அவர் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தார். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே வசித்தவர்களுக்குப் பிரஜாவுரிமை என்று 2003இல் சட்டம் வந்தபோது எழுபதைத் தாண்டிவிட்டார். இடையில் எத்தனையோ தாள்கள், எல்லாவற்றிலும் கைநாட்டு.

நான் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தேன். “ஏ பிள்ள, இந்தத் தாளுல எம் பேர நானே எழுதணும்” என்றார். இரண்டு கையாலும் கொழுந்து எடுத்தவருக்கு எந்தக் கையில் பென்சில் பிடிப்பது என்பதே முதல் கேள்வி. இரண்டிலும் எழுதிப் பார்த்து வலக்கையைத் தேர்ந்தார். மூன்று வாரம், என் பழைய கொப்பியின் மிச்சப் பக்கங்கள் முழுக்க ஒரே பெயர். படிவம் வந்த அன்று மைப்பெட்டியை நீட்டிய பையனிடம், “பேனா இல்லையாப்பா?” என்று கேட்டார். கோணல் எழுத்துதான். அதற்குப் பிறகு மாத்திரைப் பெட்டி, பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, எதையும் எழுத்துக்கூட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. பஸ்ஸைத் தவறவிட்டதும் உண்டு.

சீனி, பிரஷர் என்று என் கிளினிக்குக்கு வரும் தோட்டத்துத் தாய்மாரிடம் மருந்தை விளக்கிவிட்டு, “இப்ப நீங்க சொல்லுங்கம்மா” என்கிறேன். தாத்தாவிடம் எடுத்துக்கொண்ட பழக்கம். காலை மாத்திரையை இரவில் போடுபவர்கள் அப்போதுதான் தெரியவருகிறார்கள். அவர்களில் சிலரின் பெண்கள் இந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தத் தாய்மாருக்குக் கிளினிக் கொப்பியில் தம் பெயரையே வாசிக்கத் தெரியாது.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் கட்டடத்துக்கும் கணினிக்கும் ஒதுக்கியது போக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பறையை அந்தத் தாய்மாருக்குத் திறந்துவிடுங்கள். கொப்பியும் பென்சிலும் என் பொறுப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு நானே வந்து வகுப்பெடுக்கிறேன். மற்ற மூன்று ஞாயிறுக்கும் இந்த மண்டபத்திலிருந்து மூன்று பேர் வேண்டும். வெளியே மேசையில் பெயர் எழுத ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.