தாதித் தொழிலும் தீட்டும்

(திருச்சியில் பெற்றோர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கூடிய கூட்டத்தில் பேசியது)



பிள்ளைகளை நர்சு வேலைக்குப் படிக்க வைக்கலாமா, வைப்பதானால் எப்படித் தயார் செய்வது என்பதைப் பற்றி நம்மைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த விஷயத்தைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. ஏனென்றால், உங்கள் மலைக்கோட்டைச் சாமியே ஒரு நாள் நர்சு வேலை பார்த்ததாகத்தான் புராணம் சொல்லுகிறது. ரத்தினாவதி என்ற பெண் பிரசவ வேதனைப்பட்டாளாம்; அவள் தாய் வர முடியாமல் காவிரி வெள்ளம் தடுத்ததாம்; சிவன் தாய் வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தாராம். அதனால் தாயுமானவர் என்று பெயராம்.

கதை எப்படியாவது போகட்டும். நாம் கேட்பது ஒன்றுதான். ஒரே ஒரு பிரசவம் பார்த்த சாமிக்கு மலைமேல் கோவில் கட்டினீர்களே, நடுநிசியில் கூப்பிட்டபோதெல்லாம் ஓடிவந்து ஊர் முழுதும் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு என்ன கொடுத்தீர்கள்? ஸ்ரீரங்கத்து உத்திர வீதி வீடானாலும், உறையூர்த் தறிக்காரர் வீடானாலும், பிள்ளை பிறக்கும் வரையில் அவள் வேண்டும். பிறந்தவுடன் அவள் தீட்டு! கொல்லை வாசலும் படி நெல்லும்தான் அவள் கண்ட மரியாதை. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் வகுப்புப் பெண்களாக இருந்ததற்கும், மற்றவர்கள் நெடுங்காலம் தங்கள் பெண்களை நர்சு வேலைக்கு அனுப்பக் கூசியதற்கும், இரத்தத்தைத் தொட்டால் தீட்டு என்ற பைத்தியக்கார எண்ணமே முக்கிய காரணமாகும்.

உண்மையான தீட்டு எது? 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் அதைக் கண்டுபிடித்தார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்த்ததால் தாய்மார்கள் ஜுரம் கண்டு செத்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். நூற்றுக்குப் பத்துக்கு மேலிருந்த சாவு, இரண்டு அளவுக்குக் குறைந்தது. அதைச் செய்தது மந்திரமல்ல, கழுவிய கை. தீட்டு ஜாதியில் இல்லை, அழுக்கில் இருக்கிறது. பெரிய டாக்டர் கையிலும் இருக்கும், கழுவினால் போய்விடும்.

இதை ஒழுங்கான படிப்பாக ஆக்கியவர் நைட்டிங்கேல் அம்மையார். 1860இல் லண்டனில் அவர் பெயரால் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையிலும் பயிற்சி தொடங்கிற்று. 1926இல் நர்சுகளைப் பதிவு செய்யச் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது. ஆகவே இது கூலிவேலையல்ல, சட்டம் ஒப்புக்கொண்ட வித்தை.

இனி, தயார் செய்வது எப்படி? பத்தாவது முடிந்து பாடப்பிரிவு எடுக்கும்போதே யோசிக்க வேண்டும். நான்கு வருஷப் பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். டிப்ளமோ மூன்று வருஷம். கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சிலும் தமிழ்நாட்டு கவுன்சிலும் ஒப்புக்கொண்ட பள்ளியா, பிள்ளைகள் பழகப் போதுமான நோயாளிகள் உள்ள ஆஸ்பத்திரி உண்டா என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022இல் ஏற்பட்டது. 2024இல் ஆண்பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று வந்தது. ஆண்களும் இந்தப் படிப்புக்கு வரட்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கப் பெண்தான் வேண்டுமென்று எந்தச் சாஸ்திரம் சொல்லுகிறது?

"இரத்தம் கண்டால் மயங்குவாளே" என்பார்கள். அது பழகிப் போகும். பழகினாலும் வராதவை இரண்டுண்டு. ஒன்று, கணக்கில் கவனம். மருந்தின் அளவில் ஒரு புள்ளி தவறினால் உயிர் போகும். மற்றொன்று, உண்மை. தவறு செய்துவிட்டால் அந்த நிமிஷமே "நான் தவறாகக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லும் தைரியம் வேண்டும். தண்டனைக்குப் பயந்து பொய் சொல்லும்படி பிள்ளையை வளர்த்துவிட்டு நர்சு வேலைக்கு அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "நர்சு தெய்வம், தியாகி, இரண்டாவது தாய்" என்று புகழ்கிறவர்களைப் பார்த்தால் மடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெய்வத்துக்குச் சம்பளம் கேட்கும் உரிமை கிடையாதல்லவா? 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்புச் சம்பளத்தில் சேர்ந்த அரசு நர்சுகள், தங்களை நிரந்தரம் ஆக்கக் கோரி 2017 நவம்பரில் சென்னையில் கூடி உட்கார வேண்டி வந்தது. அன்று புகழ்ச்சி யாருக்குச் சோறு போட்டது?

ஆகையால், தோழர்களே! உங்கள் பிள்ளைகளைத் தெய்வமாவதற்கு அனுப்பாதீர்கள். வித்தை தெரிந்த, மானமுள்ள தொழிலாளியாவதற்கு அனுப்புங்கள். சரியான கூலியையும், இரவு வேலைக்குப் பாதுகாப்பையும் கேட்டு வாங்கச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். இன்று காவிரிக்குப் பாலம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் சாமி வேஷம் போட்டு வரவேண்டியதில்லை. பாலத்தைக் கடந்து வர, படித்த நர்சு இருந்தால் போதும். அவள் வரும்போது முன்வாசலைத் திறந்து வையுங்கள்.