நீண்ட ஸ்வரத்துக்கு ஒன்பது வோல்ட்

ஸ்டீல் கிட்டாரை நேரில் பார்க்காதவர்கள்கூட அதன் ஒலியைக் கேட்டிருப்பார்கள். வான் ஷிப்லி, சுனில் கங்குலி போன்றவர்கள் இந்திப் பாடல்களை வாத்தியத்திலேயே வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார்களே, அதில் குழைந்து குழைந்து வரும் ஹவாயன் கிட்டார்தான் அது. கருவியை மடியிலோ ஸ்டாண்டிலோ கிடத்தி, இடது கையில் ஓர் உலோகத் துண்டைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெக்குகு என்ற இளைஞர் பிரபலமாக்கிய முறை. மின்சாரக் கிட்டார் என்று கடைக்கு வந்து நன்றாக விற்ற முதல் கருவியும் ஸ்டீல் கிட்டார்தான். ஜார்ஜ் போஷாம்ப்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் சேர்ந்து 1932இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் உருவத்தைப் பார்த்து ஜனங்கள் அதற்கு 'ஃப்ரையிங் பான்', அதாவது வறுக்கும் சட்டி, என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கருவியோடு சேர்த்து வைக்கும், ஒலியை மாற்றித் தரும் எஃபெக்ட்ஸ் பெட்டிக்கு மின்சாரத்தை எங்கிருந்து கொடுப்பது, பேட்டரியிலிருந்தா, அடாப்டரிலிருந்தா என்பதுதான் இன்றைய பேச்சு. சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் வாசிப்பின் தரமே இதில் மாட்டிக்கொள்கிறது.

ஸ்டீல் கிட்டாரின் உயிர் நீண்ட ஸ்வரம். தந்தியை மீட்டியதும் ஒலி பெரிதாக எழுந்து, பிறகு மெல்ல மெல்லத் தேயும். அப்படித் தேய விடாமல் வாசிப்பவர் வலது காலால் வால்யூம் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போவார். ஒலி குறைகிற அளவுக்குப் பெடல் திறக்கும். கேட்பவருக்கு ஸ்வரம் வயலின் வில்லில் இழுத்ததுபோல் சமமாக நிற்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பெடலுக்கு முன்னால் இருக்கும் ஒரு பெட்டியில் லேசான இரைச்சல் இருக்கிறது. ஸ்வரம் தேயத் தேய, கால் அழுத்த அழுத்த, அந்த இரைச்சலும் கூடவே மேலே ஏறி வரும். ஸ்வரம் கடைசி மூச்சில் இருக்கும்போது இரைச்சல் உச்சத்தில் இருக்கும். சாதாரணக் கிட்டாரில் அடுத்த ஸ்வரம் உடனே வந்து இரைச்சலை மூடிவிடும். ஸ்டீல் கிட்டாரில் அதை மூட எதுவும் வராது.

ஆகவே என் கருத்து இதுதான். வால்யூம் பெடலுக்கு முன்னால் வருவது பேட்டரியில் ஓடட்டும். பின்னால் வரும், எதிரொலி சேர்க்கும் டிலே, ரிவெர்ப் போன்றவை நல்ல அடாப்டரில் ஓடட்டும்.

பேட்டரி என்றால் அந்தச் செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரி. அதற்கும் வானொலிக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1950களில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கென்று வந்த பேட்டரி அது. தகட்டைப் பிரித்தால் உள்ளே 1.5 வோல்ட் செல்கள் ஆறு அடுக்கியிருக்கும். 1960களில் எஃபெக்ட்ஸ் பெட்டி செய்தவர்கள் கடையில் சுலபமாகக் கிடைத்ததால் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1962இல் கிப்ஸன் நிறுவனம் மேஸ்ட்ரோ என்ற பெயரில் விற்ற ஃபஸ் பெட்டி, இரண்டு 1.5 வோல்ட் செல்லிலேயே ஓடியது. நாஷ்வில் நகரில் ஒரு பாடல் பதிவின்போது ஒலிக்கலவை மேசையில் ஏதோ பழுதாகி, பேஸ் கிட்டார் கரகரத்துவிட்டது. அந்தக் கரகரப்பு பலருக்கும் பிடித்துப்போக, பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அதையே வேண்டும்போது வரவழைக்க ஒரு சுற்றை வடிவமைத்தார். அப்படிப் பிறந்த பெட்டி அது. ஏறத்தாழ அதே காலத்தில் ரெட் ரோட்ஸ் என்ற ஸ்டீல் கிட்டார் கலைஞரும் தன் கையாலேயே ஃபஸ் பெட்டி செய்து வென்ச்சர்ஸ் குழுவுக்குக் கொடுத்தார்.

பேட்டரியின் பெரிய நன்மை, அதற்கும் சுவரில் இருக்கும் பிளக்குக்கும் சம்பந்தமே கிடையாது என்பது. மின்வாரியக் கம்பியில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் அலை அதன் வழியாக வராது. தூய நேர்மின்சாரம் கிடைக்கும். ஆனால் தீரும். நல்ல அல்கலைன் பேட்டரியில் சுமார் 500 மில்லிஆம்பியர் மணி இருக்கும். ஃபஸ் பெட்டி ஒரு மில்லிஆம்பியர்கூட இழுக்காது, மாதக்கணக்கில் வரும். ஒலியை லேசாகக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ் ஐந்து பத்து இழுக்கும். டிஜிட்டல் டிலே ஐம்பது அறுபது இழுக்கும். ஒரு கச்சேரி, ஒரு ஒத்திகை, அவ்வளவுதான். பெரிய டிஜிட்டல் ரிவெர்ப் 250, 300 என்று கேட்கும். அதில் பேட்டரி வைக்க இடமே இருக்காது.

இன்னொன்று, பேட்டரி இறங்கும்போது ஒலி மாறும். ஃபஸ் வாசிப்பவர்களில் சிலர் அந்த மாற்றத்தை விரும்பியே பாதி தீர்ந்த பேட்டரியைத் தேடிப் போடுவார்கள். ஸ்டீல் கிட்டாருக்கு அது ஒத்துவராது. அதன் பிக்அப் சாதாரணக் கிட்டாரைவிட பலமான சமிக்ஞை கொடுக்கக்கூடியது, மீட்டும் முதல் நொடியில் எகிறும். சமிக்ஞையைத் தாங்கி அனுப்பும் பஃபர் பெட்டியில் 7 வோல்ட்தான் மிச்சம் என்றால் அந்த முதல் நொடி நசுங்கிவிடும். வாசிப்பவர் தன் விரலைச் சந்தேகப்படுவார், குற்றம் பேட்டரியுடையது. மல்டிமீட்டரில் புதுப் பேட்டரி ஒன்பதரை காட்டும். எட்டுக்குக் கீழே போனால் கச்சேரிக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் பெடல் ஸ்டீல் என்ற வகையில் இடது கால் தரைப் பெடல்களில், வலது கால் வால்யூமில், முழங்கால்கள் நெம்புகோல்களில் இருக்கும். பெட்டியோ கருவியின் காலிலோ அடியிலோ மாட்டித் தொங்கும். நடுப்பாட்டில் பேட்டரி செத்தால் மொத்த ஆளும் எழுந்துதான் ஆக வேண்டும்.

அடாப்டருக்கு வருவோம். வீட்டில் வைஃபை பெட்டிக்கு ஓர் அடாப்டர் இருக்கும். அதன் முனையும் பெடலின், அதாவது எஃபெக்ட்ஸ் பெட்டியின், துளையும் பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும், கச்சிதமாக உள்ளே போகும். அங்கேதான் ஆபத்து. அந்த அடாப்டர் அனேகமாக 12 வோல்ட், அதுவும் நடுவில் பிளஸ். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். இந்தத் தலைகீழ் வழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. அடாப்டர் முனையைச் செருகியதும் உள்ளே இருக்கும் பேட்டரி துண்டிக்கப்பட வேண்டும். அதற்கான ஸ்விட்ச் துளையின் வெளிப்புறத் தகட்டில்தான் அமைந்திருக்கிறது. பேட்டரியின் மைனஸோ கிட்டார் ஒயரைச் செருகும் துளையில் ஏற்கெனவே ஸ்விட்சாக வேலை செய்கிறது. எனவே பிளஸ் வெளிப்பக்கம் போனது, மைனஸ் நடுவுக்கு வந்தது. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரை வட்டமும் வரைந்து, இரு பக்கமும் பிளஸ், மைனஸ் போட்டிருக்கும். பெடலிலும் அதே படம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் செருக வேண்டும். சில பெட்டிகள் 9 வோல்ட் ஏசியே கேட்கும், அதையும் படித்துவிடுங்கள்.

இரண்டு ஆம்பியர் அடாப்டர் போட்டால் பெடல் எரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எரியாது. பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். எரிப்பது கூடுதல் வோல்ட்டும் மாறிய துருவமும்தான். கையில் கனக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்களில் 9 என்று எழுதியிருந்தாலும் சுமையில்லாதபோது 12, 13கூட காட்டும், 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வரும். அதனால் சீரான வோல்ட் தருவதாகக் குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள்.

ஓர் அடாப்டரிலிருந்து ஒயர் பிரித்து நாலைந்து பெடலுக்குக் கொடுப்பது மலிவான வழி. அனலாக் பெடல்கள் மட்டும் என்றால் பெரும்பாலும் சரியாகவே ஓடும். நடுவில் ஒரு டிஜிட்டல் டிலே சேர்ந்தால், அதன் உள் கடிகாரத் துடிப்பு பொது ஒயர் வழியாக மற்றவற்றுக்குள் புகுந்து 'ஙீ' என்று சிணுங்கும். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி மின்சுற்று கொண்ட சப்ளை பெட்டி விலை அதிகம்தான். ஸ்டீல் கிட்டாருக்கு அந்தச் செலவு நியாயமானது என்பேன். பவர் பேங்க் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. மிகக் குறைவாக இழுக்கும் பெடலை அது கண்டுகொள்ளாமல் தானாகவே அணைந்துவிடும், 5 வோல்ட்டை 9 ஆக்கும் சுற்றும் இரைச்சல் போடும். மேடையில் நான் அதை நம்பமாட்டேன்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரைச்சல் வருகிறது என்று ஆம்ப்ளிஃபையரின், அதாவது ஆம்பின், மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள். இரைச்சல் போகலாம். ஆனால் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர் கையில் இருப்பது உலோகம், தொடுவது உலோகத் தந்தி, அந்தத் தந்தி ஆம்பின் எர்த்தோடு இணைந்தது. ஆம்பில் கசிவு இருந்து, உதடு மைக்கைத் தொட்டால் 230 வோல்ட் உடம்பு வழியாகப் போகும். கல்யாண மண்டபமோ கோயில் பந்தலோ, ஸ்பீக்கர்காரரிடம் எர்த் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே உட்காருங்கள். இரைச்சலை நீக்க ஒயரை மாற்றலாம், அடாப்டரை மாற்றலாம், முதல் பெட்டியைப் பேட்டரிக்கு மாற்றலாம். எர்த்தைத் தொடக் கூடாது.

வாசித்து முடித்ததும் பெடலிலிருந்து கிட்டார் ஒயரை உருவிவிடுங்கள். அது செருகியிருக்கும்வரை, விளக்கு எரியாவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். சில மாதம் வாசிக்கப்போவதில்லை என்றால் பேட்டரியையே வெளியே எடுத்து வையுங்கள். ஏற்கெனவே கசிந்து முனைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், வினிகரில் லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுசு போடலாம். முனை பச்சையாக அரித்திருந்தால் அந்தக் கிளிப்பையே மாற்றச் சொல்லுங்கள், எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.